எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியும் கொட்டாத தேனீயும்

பெரிய வாத்தியாரைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி நம் பழைய மாணவர் குழுவில் கேட்டிருந்தீர்கள். அவர் நினைவாக ஒரு மலர் போடப்போவதாகவும், அட்டையில் அவருடைய கறுப்பு வெள்ளைப் படம் வரப்போவதாகவும் சொன்னீர்கள். வாட்ஸ்அப்பில் அந்தப் படத்தைப் பார்த்தேன். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. சட்டைப் பையில் இரண்டு பேனா. அதில் ஒன்று சிவப்பு மை என்று எனக்குத் தெரியும். படத்துக்குக் கீழே எத்தனை கும்பிடு, எத்தனை பூ! "நம்மை ஆளாக்கிய தெய்வம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவரும் அந்த ரோத்தான் பிரம்பில் அடி வாங்கியவர்தான். மறந்துவிட்டார் போலிருக்கிறது.

நான் மறக்கவில்லை. என் பக்கம் இது. ஒரு பக்கத்துக்கு மேல் போய்விட்டது. போடுவதும் கிழித்துப் போடுவதும் உங்கள் இஷ்டம். போட்டால் ஒரு வரி குறைக்காமல் போடுங்கள். செத்துப்போன மனிதரைப் பற்றி இப்படியா என்று கேட்பீர்கள். அவர் உயிரோடு இருந்தபோது நான் சொன்னேன். அப்போது யாரும் கேட்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருடம் அது. நம் தோட்டம் அப்போது இன்னும் தென்னந்தோட்டம்தான். தென்னைகளுக்கு நடுவே கொக்கோ நட்டிருந்தார்கள். எந்த நேரமும் கொப்பரை காயும் வாடை வரும். கடல் காற்று திரும்பினால் குவாலா சிலாங்கூர் பக்கத்திலிருந்து சேற்று வாடையும் சேர்ந்துகொள்ளும். எங்கள் வீடு தொழிலாளர் வீட்டு வரிசைகளில், கடைசி லயத்தில், கடைசி வீடு. அப்பா காய்ச்சலில் போன பிறகு அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, எங்களோடு வந்து தங்கியிருந்தார். நீள மூங்கிலின் நுனியில் அரிவாள் கட்டித் தேங்காய் பறிக்கும் வேலை அவருக்கு. கல்யாணம் ஆகவில்லை. அதிகம் பேசமாட்டார். அண்ணாந்து பார்த்தே வேலை செய்வதால் கழுத்து எப்போதும் பின்னால் சாய்ந்தே இருக்கும்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு எலுமிச்சை மரம், ஒரு கறிவேப்பிலைச் செடி. அவற்றின் கீழே மாமா இரண்டு தென்னங்கட்டைகளைச் செங்கல் மேல் படுக்க வைத்திருந்தார். ஒரே மரத்திலிருந்து அறுத்தவை, பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். இரண்டிலும் உள்ளே குடைந்து, மேலே பலகை மூடி வைத்திருந்தார். ஒன்றில் கெலுலுட் இருந்தது. மலாய்க்காரர்கள் அப்படிச் சொல்வார்கள். கொட்டாத சின்னக் கறுப்புத் தேனீ, அரை அரிசி நீளம்கூட இருக்காது. மற்றதில் கொட்டுகிற தேனீ. கெலுலுட்டின் தேன் புளிக்கும், மற்றது இனிக்கும். இரண்டும் வேண்டும் என்பார் மாமா.

பெரிய வாத்தியார் அந்தத் தவணையில் ஒரு வேலை கொடுத்தார். ஏதாவது இரண்டு உயிர்களை ஒப்பிட்டு எழுத வேண்டும். மாடும் ஆடும் என்று பாதி வகுப்பு எழுதியது. நாயும் பூனையும் என்று மீதி வகுப்பு எழுதியது. நான் எங்கள் வீட்டுக் கொல்லையை எழுதினேன். எலுமிச்சை மரத்துக்கு வரும் வண்ணத்துப்பூச்சியும் கெலுலுட்டும்.

இரண்டு மாதம் பார்த்தேன். பள்ளி விட்டு வந்ததும் பசியாறக்கூட மாட்டேன், மரத்தடிக்குப் போய்விடுவேன். அந்தப் பட்டாம்பூச்சி கறுப்பு. உடம்பெல்லாம் வெளிர்மஞ்சள் திட்டு, பின்னிறக்கையில் ஒரு சிவப்புப் பொட்டு. கொழுந்து இலையாகத் தேடி, ஓர் இலைக்கு ஒரு முட்டை வைத்துவிட்டுப் பறந்துவிடும். முட்டை கடுகு அளவு இருக்கும். அதிலிருந்து வரும் புழு முதலில் பறவை எச்சம் மாதிரியே இருக்கும். பிறகு பச்சையாகும். அதன் கழுத்தைக் குச்சியால் தொட்டால் சிவப்பாக இரண்டு கொம்பு வெளியே வரும், அழுகிய தோடம்பழ நாற்றம் அடிக்கும். கடைசியில் தன் இடுப்பைச் சுற்றி ஒரு நூல் போட்டு, குச்சியோடு தன்னைக் கட்டிக்கொண்டு தூங்கும். பச்சைக் குச்சியில் கட்டினால் கூடு பச்சை. காய்ந்த குச்சியில் கட்டினால் கூடு பழுப்பு. ஒரு நாள் காலையில் கூடு கிழிந்து, பிழிந்த துணி மாதிரி இறக்கையோடு ஒன்று வெளியே வந்தது. நான் அன்று பள்ளிக்குத் தாமதமாகப் போய் வெளியே நின்றேன்.

கெலுலுட் வேறு ஜாதி. கட்டையின் வாயில் பிசினால் ஒரு குழல் கட்டும். என் சுண்டுவிரல் தடிமன், பழுப்பு நிறம், தொட்டால் பிசுபிசுக்கும். குழலின் உதட்டில் வட்டமாகக் காவல் நிற்கும். மூடியைத் திறந்தால் உள்ளே சின்னச் சின்னப் பானைகள் கொத்தாக ஒட்டியிருக்கும், தேனுக்குத் தனி, மகரந்தத்துக்குத் தனி. பின்னங்காலில் மஞ்சள் உருண்டை கட்டிக்கொண்டு வரும். கொட்டாது. ரொம்பத் தொந்தரவு செய்தால் தலைமயிருக்குள் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் ஒரு நோட்டில் இரண்டு பத்தியாகக் கோடு போட்டு எழுதினேன். இடது பக்கம் பட்டாம்பூச்சி, வலது பக்கம் கெலுலுட். "இது முட்டையிட்ட பிறகு திரும்ப வந்து பார்க்காது. இது எல்லாம் ஒரே வீட்டில் இருக்கும்." "இது தனக்கு மட்டும் குடிக்கும். இது கொண்டுவந்து வைக்கும்." "இதன் வாய் சுருள் மாதிரி. இதன் வாய் கடிக்கும்." ஒரு வரி எழுதத்தான் நான்கு நாள் ஆனது. செத்த கெலுலுட் ஒன்றைத் தட்டில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, அம்மாவின் தையல் ஊசியால் இறக்கையைப் பிரித்துப் பார்த்தேன். பெரியது இரண்டு, அதற்கு அடியில் ஒட்டிக்கொண்டு சின்னது இரண்டு. பட்டாம்பூச்சிக்கும் நான்கு. "இரண்டுக்கும் நான்கு இறக்கை" என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

பெரிய வாத்தியார் நோட்டைப் புரட்டினார். அந்த வரியில் நின்றார். நான்கை அடித்து, சிவப்பில் இரண்டு என்று எழுதினார்.

"தேனீக்கு ரெண்டு ரெக்கைதான். கண்ணு தெரியலியா?"

"நான் ஊசியால பிரிச்சுப் பார்த்தேன் சார். அடியில ரெண்டு இருக்கு."

காதைப் பிடித்துத் திருகினார். "எனக்குச் சொல்லிக் குடுக்குறியா? போய் உட்காரு."

நோட்டைத் திருப்பித் தரவில்லை.

அடுத்த மாதம் குவாலா சிலாங்கூரில் வட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் அறிவியல் கண்காட்சி என்றார்கள். நம் பள்ளியிலிருந்து போவது எது என்று சபைக்கூடலில் அறிவித்தார். கிராணியின் மகளைக் கூப்பிட்டார். தோட்ட ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், யாழ்ப்பாணத்துக்காரர். தமிழ் மறந்துவிடக்கூடாது என்று மகளை நம்மோடு படிக்க வைத்தார். அவள் பெரிய மணிலா அட்டை ஒன்றை விரித்துப் பிடித்தாள். அச்சடித்தது போன்ற கையெழுத்து. வண்ணப் பென்சிலில் படம். மேலே தலைப்பு: "எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியும் கொட்டாத தேனீயும்."

இடது பத்தி, வலது பத்தி. என் வரிகள். ஒவ்வொன்றும் என் வரி. அழுகிய தோடம்பழ நாற்றம்கூட இருந்தது. இறக்கை வரியைத் தேடினேன். "இரண்டுக்கும் நான்கு இறக்கை."

நோட்டில் இரண்டு என்று திருத்தியவர், அட்டையில் நான்கு என்று போட வைத்திருக்கிறார். ஏதோ புத்தகத்தைப் பார்த்து, நான் எழுதியது சரி என்று தெரிந்துகொண்டிருக்கிறார். தெரிந்துகொண்ட பிறகுதான் எடுத்திருக்கிறார்.

நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன். "சார், அது என்னோடது."

நீங்கள் எல்லோரும் அங்கே நின்றீர்கள். ஞாபகம் இல்லை என்று சொல்லாதீர்கள்.

பொய் சொன்னதற்கு மூன்று, வரிசையை விட்டு வந்ததற்கு மூன்று. வலது கையில் ஆறு. அடிப்பதற்கு முன் என்னிடம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "நீ மேடையில நின்னு நாலு வார்த்தை பேசுவியா? பள்ளி ஆய்வாளர் இங்கிலீசுல கேட்டா பதில் சொல்லுவியா? பள்ளிக்கூடத்துக்குப் பேர் வரணும்னு நெனை." இதை இப்போதும் அவர் குரலிலேயே என்னால் சொல்ல முடியும்.

விஷயம் மதியத்துக்குள் லயத்துக்கு வந்துவிட்டது. அம்மா புல் வெட்டிவிட்டு வந்து, குளித்து, ஒரு நல்ல சேலை கட்டிக்கொண்டு, என்னைக் கிராணி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வேலியருகிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள். என்னையும் கழற்றச் சொன்னாள்.

"பொம்பளப் புள்ள தெரியாம பேசிருச்சுங்க ஐயா. மன்னிச்சிருங்க."

கிராணி கெட்டவர் இல்லை. சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். "சரி சரி, சின்னப்பிள்ளைதானே. ஆனால் உப்பிடிப் பொய் சொல்லக் கூடாது, கண்டியோ? என்ர மகள் ரெண்டு கிழமையா மேசையில இருந்து அதைத்தானே எழுதிக்கொண்டு இருந்தவள். நான் என்ர கண்ணாலை பார்த்தனான்."

அவர் பார்த்தது உண்மைதான். இரண்டு வாரம் உட்கார்ந்து என் நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறாள். மகள் தானாக எழுதுகிறாள் என்று அந்த மனிதர் பெருமைப்பட்டிருக்கிறார். இது எனக்கு இன்று புரிகிறது. அன்று அவர் நீட்டிய பிஸ்கட் டின்னைத் தட்டிவிட்டேன். கதவுத் திரைக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டு தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று இரவு சோறு பிசைய என் விரல் மடங்கவில்லை. அம்மா ஊட்டிவிட்டாள். ஊட்டிக்கொண்டே, "அவங்கள எதுத்துக்கிட்டு நாம எங்க போயி நிக்கிறது?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். மாமா எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

இத்தோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேனோ என்னவோ. அவர் விடவில்லை. கண்காட்சிக்கு மூன்று நாள் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். உயிரோடு காட்டினால்தான் முதல் பரிசு கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"உங்க மாமன் கெலுலுட் வளர்க்கிறான்ல? அந்தக் கட்டையை எடுத்துட்டு வரச் சொல்லு. புழுவும் பத்து பிடிச்சிட்டு வா. இதெல்லாம் பிடிக்கிறது உன்னை மாதிரி பிள்ளைங்களுக்குத்தான் வரும். ஆய்வாளர் முன்னாடி மூடியைத் திறந்து, கையை உள்ள விட்டுக் காட்டுவோம். கொட்டாதுதானே?"

"கொட்டாது சார்."

அந்த நிமிடம்தான் முடிவு செய்தேன். எனக்குப் பத்து வயது. கோபத்தில் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கமாட்டேன். மூன்று நாள் யோசித்துச் செய்தேன்.

கண்காட்சிக்கு முதல் நாள் சாயங்காலம், கொட்டுகிற தேனீக்கள் அடங்கியதும், அவற்றின் வாயைப் பஞ்சால் அடைத்தேன். பிறகு கெலுலுட் கட்டைக்குப் போய் அதன் பிசின் குழலைக் கத்தியால் அப்படியே பெயர்த்தேன். பத்துப் பதினைந்து கெலுலுட் என் தலைமயிரில் புகுந்து கடித்தன. பொறுத்துக்கொண்டேன். பலாப் பிசின் தொட்டு, அந்தக் குழலைக் கொட்டுகிற தேனீயின் வாசலில், பஞ்சுக்கு மேல் ஒட்டினேன். கொஞ்சம் சாய்ந்து நின்றது. தூரத்திலிருந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

விடிந்ததும் மாமாவிடம் காட்டினேன். "இதுதான் மாமா கெலுலுட்டு கட்டை. வாத்தியாரு கேட்டது."

மாமா கட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி" என்றார். சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, லோரி நிற்கும் இடத்துக்கு உருட்டிக்கொண்டு போனார். நான் புழு டப்பாவை எடுத்துக்கொண்டு தனியாக ஓடினேன்.

கண்காட்சி நகரத்தில் ஒரு பெரிய பள்ளியின் மண்டபத்தில் நடந்தது. எங்களை உள்ளே இருக்க விடவில்லை. மாமா கட்டையைக் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு லோரிக்குத் திரும்பிப் போய்விட்டார். நான் வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு செங்கல் மேல் ஏறி நின்றேன். கிராணி வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அவர் மகள் இரட்டைச் சடையும் நீல ரிப்பனுமாக நின்றாள். கட்டையிலிருந்து உறுமுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. பெரிய வாத்தியார் அதன் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு, பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடம், "பாருங்க, என்ன சுறுசுறுப்பு!" என்றார்.

ஆய்வாளர் வந்தார். அவள் சொல்ல ஆரம்பித்தாள். என் நோட்டை வரிக்கு வரி ஒப்பித்தாள். நன்றாகவே ஒப்பித்தாள், நான் சொல்லியிருந்தால் அவ்வளவு நன்றாக வந்திருக்காது. அதுவும் எனக்கு எரிந்தது. கடைசியில், "வண்ணத்துப்பூச்சிக்கும் கொட்டத் தெரியாது. இந்தத் தேனீக்கும் கொட்டத் தெரியாது. இதுவே இவற்றின் ஒற்றுமை" என்றாள்.

"உண்மையாகவா?" என்று சிரித்தார் ஆய்வாளர்.

"நீங்களே பாருங்க சார்" என்று பெரிய வாத்தியார் மூடியின் கயிற்றை அவிழ்த்துப் பலகையை எடுத்தார். அவள் கையை உள்ளே விட்டாள்.

காலையிலிருந்து சைக்கிளிலும் லோரியிலும் குலுங்கி, சூடேறி, வாசல் அடைபட்டுக் கிடந்த தேனீ. புகை மாதிரி எழும்பியது. அவள் "அம்மா!" என்று ஒரு கத்துக் கத்தினாள். கிராணி பாய்ந்து அவளைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் ஓடினார். பெரிய வாத்தியார் முதலில் ஓடவில்லை. மூடியைத் திரும்ப வைக்கப் பார்த்தார். அதில்தான் மாட்டிக்கொண்டார். முகம், கழுத்து, காது, சட்டைக்குள். பிறகு மணிலா அட்டையைப் பிடுங்கி முகத்தை மூடிக்கொண்டு ஓடினார். அட்டை கண்ணை மறைத்ததால் நேரே போய்ச் சுவரில் மோதினார், திரும்பினார், யாருடைய மேசையிலோ இருந்த மீன் தொட்டியைத் தள்ளிவிட்டார், தண்ணீரில் வழுக்கி உட்கார்ந்தார். என் வரிகள் எல்லாம் நனைந்து அவர் மடியில் கிடந்தன.

நான் சிரித்தேன். ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தேன். பாவம் என்று தோன்றவில்லை. அவள் கை வீங்கியதற்காக வருத்தப்பட எனக்குப் பல வருடங்கள் ஆயின. வாத்தியார் முகத்துக்காக இன்று வரை வருத்தம் வரவில்லை.

மூன்று நாள் அவருக்குக் கண் திறக்கவில்லை. நான்காம் நாள் தோட்ட ஆபீசில் விசாரணை. மாமாவைக் கூப்பிட்டார்கள். அம்மாவும் நானும் வாசல்படியில் நின்றோம். பெரிய வாத்தியார் உதடு தொங்க, இடது கண் பாதி திறந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன கட்டையடா கொண்டு வந்தாய்?" என்று கேட்டார் கிராணி.

மாமா தலையைக் குனிந்து நின்றார். "ரெண்டும் ஒண்ணுபோல இருந்துச்சுங்க ஐயா. எனக்கு வித்தியாசம் தெரியலீங்க. மாத்தித் தூக்கிட்டேன்."

எனக்குத் தாங்கவில்லை. அம்மா கையை உதறிவிட்டு உள்ளே ஓடினேன். "மாமா இல்ல! நான்தான் மாத்தினேன்! குழலைப் பேத்து நான்தான் ஒட்டினேன்! கெலுலுட்டுக்குத்தான் குழல் இருக்கும், இதுக்கு இருக்காது, அதனாலதான் ஒட்டினேன்!"

பெரிய வாத்தியார் அந்த வீங்கிய உதட்டோடு சிரித்தார். "இதுக்கு இவ்வளவு தெரியுமாக்கும்! மாமனைக் காப்பாத்தக் கதை கட்டுது பாருங்க. பொய் சொல்றதே இதுக்குப் பழக்கம்."

யாரும் நம்பவில்லை. கிராணி கையை ஆட்டி என்னை வெளியே போகச் சொன்னார். ஆறு அடியைவிட அந்தச் சிரிப்பு எனக்கு வலித்தது. நோட்டு என்னுடையது என்றேன், பொய் என்றார். குற்றம் என்னுடையது என்றேன், அதுவும் பொய் என்றார். இந்த ஒரு சிரிப்புக்காகவே அவரை நான் மன்னிக்கமாட்டேன். உங்கள் மலரில் ஆயிரம் பூ வைத்தாலும் மாட்டேன்.

ஒரு வாரத்துக்குள் மாமாவைத் தோட்டத்தை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஒரு தகரப் பெட்டி, மூங்கில் கழற்றிய அரிவாள், சைக்கிள். செகிஞ்சானில் ஒரு சீனரின் நெல் வயலில் வேலை கிடைத்துப் போனார். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டார். கிராணியின் மகளை அந்த வருடக் கடைசியில் நகரத்துப் பள்ளிக்கு மாற்றினார்கள். கெலுலுட் கட்டை குழல் இல்லாமல் இரண்டு நாள் தடுமாறி, பிறகு புதுக் குழல் கட்டிக்கொண்டது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் கொல்லைப் பக்கமே போகவில்லை. அம்மா அதன் பிறகு வெகுநாள் என்னோடு சிரித்துப் பேசவில்லை. நான் செய்தேன் என்று அவளும் நம்பினாளா என்று தெரியாது. நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அப்புறம் எனக்கும் எல்லோருக்கும் நடந்ததுதான் நடந்தது. ஆறாம் வகுப்பு, தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பார்க்கும் பாலர் கொட்டகையில் கொஞ்ச நாள் வேலை, பிறகு கிள்ளானில் தொழிற்சாலை, கல்யாணம், பிள்ளைகள். மாமாவை நல்லது கெட்டதுக்குப் பார்ப்பேன். அவர் முகத்தைப் பார்த்து நேராகப் பேச வராது. என்னால் வேலை போன மனிதர், ஒன்றும் தெரியாமல் என் பாவத்தைச் சுமந்தவர் என்று நினைத்துக்கொள்வேன். தீபாவளிக்கு வேட்டியும் பலகாரமும் அனுப்புவேன். மனது ஆறாது.

போன பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகள் மின்மினி பார்க்க வேண்டும் என்று கம்போங் குவாந்தானுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். இருட்டும் வரை காத்திருக்க வேண்டுமே. பக்கத்தில் ஒரு மலாய்க்கார அம்மா வீட்டு முற்றத்தில் வரிசையாகக் கெலுலுட் பெட்டிகள் வைத்திருந்தார். ஸ்ட்ரா போட்டு அப்படியே தேனை உறிஞ்சலாம். "கொட்டாது, பயப்படாதே" என்று மலாயில் என் பேத்தியிடம் சொன்னார். நான் முதலில் ஒவ்வொரு பெட்டியின் குழலையும் போய் விரலால் அசைத்துப் பார்த்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஒரு போத்தல் வாங்கிக்கொண்டேன். மறுநாள் மகனை வண்டியைச் செகிஞ்சானுக்கு விடச் சொன்னேன்.

உங்கள் மலர்ச் செய்தி அப்போதுதான் வந்திருந்தது. எழுதுவதற்கு முன் மாமாவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது.

மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. மகன் வீட்டு முன்னால், கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே அறுப்பு இயந்திரம் வயலில் ஓடிக்கொண்டிருந்தது. வைக்கோல் தூசி மூக்கில் ஏறியது. அவருடைய மருமகள் எங்களுக்குத் தேநீர் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"மாமா, நம்ம பெரிய வாத்தியாருக்கு மலர் போடுறாங்களாம்."

"எந்த வாத்தியாரு?"

"தேனீ கொட்டுச்சே, அவரு."

"ஓ" என்றார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் மாமா. அன்னைக்கு ஆபீசுல சொன்னேன், யாரும் நம்பல. கட்டையை மாத்துனது உண்மையிலேயே நான்தான். நீங்க ஒண்ணும் தெரியாம தூக்கிட்டுப் போனீங்க. உங்க வேலை போனது என்னாலதான்."

மாமா தேநீரைக் கீழே வைத்தார். "என்ன பாப்பா பேசுற? எனக்குத் தெரியாதா?"

"என்ன தெரியும்?"

"நாலு வருசம் நான் வச்சிருந்த கட்டை. எதுல எது இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போவுமா? தூக்கும்போதே கை சுட்டுச்சு. கெலுலுட்டு அப்படி எரையுமா என்ன? பாதி வழியில நீ ஒட்டுன குழலு வேற சாக்குக்குள்ள கழண்டு விழுந்துருச்சு. பலாப் பிசினு அப்படி ஒட்டினா நிக்காதுலா. ரோட்டோரம் சைக்கிளை நிறுத்தி நான்தான் திரும்ப ஒட்டினேன்."

ஐம்பது வருடத்துக்கு மேல் இந்த மனிதரை நான் ஒன்றும் தெரியாதவர் என்றே நினைத்திருக்கிறேன். கெலுலுட்டையும் தேனீயையும் எனக்குக் காட்டிக் கொடுத்தவரே அவர்தான். அவருக்கு வித்தியாசம் தெரியாது என்று ஆபீசில் இருந்தவர்கள் நம்பினார்கள். நானும் நம்பியிருக்கிறேன்.

"தெரிஞ்சா ஏன் மாமா எடுத்துட்டுப் போனீங்க?"

"உன் கைய பார்த்தேன்ல. அக்கா ஊட்டிவிட்டுச்சு. அதுக்கு நான் போயி வாத்தியார அடிச்சா போலீசு வரும். நான் யோசிச்சுக்கிட்டே இருந்தேன், என்னா செய்யிறதுன்னு. நீயே வழி பண்ணிட்ட."

"வேலை போச்சே மாமா."

"போனாப் போவுது. எனக்கு வித்தியாசம் தெரியாதுன்னு சொன்னா ஒரே நிமிசத்துல நம்புவாங்க. உன்ன விட்டுருவாங்கள்ல." தேநீரை மறுபடி எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். "கிராணி புள்ள கைய விடும்னு நெனைக்கல. வாத்தியாருதான் விடுவாருன்னு நெனச்சேன். அந்தப் புள்ள கத்துனது லோரி வரைக்கும் கேட்டுச்சு. அது ஒண்ணுதான் இன்னும் மனசுல கெடக்கு."

"எனக்கும் மாமா."

இயந்திரம் வயலின் ஓரத்துக்குப் போய்த் திரும்பியது. மாமா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"சரி, வாத்தியாரு எப்படி ஓடுனாரு? நான் லோரிகிட்ட நின்னதுல ஒண்ணும் பார்க்கல. அப்புறம் கேக்குற மாதிரி நேரமும் அமையல. நீ ஜன்னல்ல நின்னு பார்த்தியாமே. சொல்லு."

சொன்னேன். அட்டையை வைத்து முகத்தை மூடியது, சுவரில் மோதியது, மீன் தொட்டி. மாமாவுக்குச் சொன்னது போதவில்லை. அதனால் நான் எழுந்தேன். முழங்கால் வலியோடு, முந்தானையை முகத்துக்கு முன்னால் விரித்துப் பிடித்துக்கொண்டு, காரைச் சுற்றி ஓடிக் காட்டினேன். கதவில் மோதினேன், திரும்பினேன், வழுக்கி விழுவது மாதிரி பிளாஸ்டிக் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன். மாமா சிரித்து, இருமி, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்கினார். சத்தம் கேட்டு மருமகள் கரண்டியோடு வெளியே ஓடிவந்து, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னாச்சு மாமா?"

மாமா என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"இன்னொரு தடவ ஓடு பாப்பா" என்றார்.